கேட்டும் விலகாத திமிங்கிலம்

பெரும் இரைச்சலோடு கப்பல் நெருங்கி வரும்போது திமிங்கிலம் விலகிச் சென்றுவிடும் என்றே நாம் நினைப்போம். உண்மை அதுவன்று.

வட அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் வாழும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் இன்று 400க்கும் குறைவு. கப்பல்கள் மோதுவதும், மீன்பிடிக் கயிறுகளில் சிக்குவதுமே இவற்றின் அழிவுக்கு முக்கியக் காரணங்கள். ஆனால், கப்பல் வரும் வேளையில் நீருக்கடியில் இவை என்ன செய்கின்றன என்பதைப் படகிலிருந்து பார்த்து அறிய இயலாது.

இதற்கு வழி காண இரு துறையினர் இணைந்தனர். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலார் மார்க் ஜான்சனும், உயிரியலார் பீட்டர் டயக்கும் 'டி-டேக்' என்னும் சிறு கருவியை உருவாக்கினர். நீண்ட கழியின் உதவியால் அதனைத் திமிங்கிலத்தின் முதுகில் வைப்பர். உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்களால் ஒட்டிக்கொள்வதால் உடலில் காயமில்லை. விலங்கு கேட்கும் ஒலி, மூழ்கும் ஆழம், திரும்பும் திசை ஆகிய அனைத்தையும் அது ஒருசேரப் பதிவு செய்யும். சில மணி நேரத்தில் கழன்று மிதக்கும். அது அனுப்பும் ரேடியோ சமிக்ஞையைக் கொண்டு தேடி எடுப்பர்.

உயிரியலார் டக்ளஸ் நோவாசெக்கும் இவ்விருவரும் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பலரையும் சிந்திக்க வைத்தது. கப்பலின் ஒலிக்குத் திமிங்கிலங்கள் அசையவே இல்லை. இவற்றை எச்சரிப்பதற்கென்றே உருவாக்கிய ஒலியை எழுப்பியபோதோ, ஆறில் ஐந்து இரைதேடுவதை விட்டு மேலே விரைந்தன; நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழேயே நீந்தின. கப்பல் மோதக்கூடிய இடமும் அதுவே! காப்பாற்ற எழுப்பிய ஒலியே ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று தெளிவாயிற்று.

கருவி மட்டும் இருந்திருந்தால் வெறும் எண்களே கிடைத்திருக்கும். கேள்வி மட்டும் இருந்திருந்தால் ஊகமே மிஞ்சியிருக்கும். இரண்டும் இணைந்ததால், மாறவேண்டியது திமிங்கிலமல்ல, கப்பலே என்பது புரிந்தது. 2008ஆம் ஆண்டு அமெரிக்க அரசு, 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட மாதங்களில் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என விதித்தது. சிறிய படகுகளுக்கு இவ்விதி இல்லாததால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை.

எச்சரித்துவிட்டோம், இனி விலகுவது அவர்கள் பாடு என்று எளியோரிடம் நாமும் சொல்வதுண்டு. அவர்களுக்காக நம் வேகத்தைச் சற்றுக் குறைக்க நாம் தயாரா? சிந்திப்போம்.