பெரா ரிப்போர்ட் வந்த பிறகு

பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நன்றாகக் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு ஒன்று. குறை உறுதியாகும் நாளில் அந்தப் பெற்றோருக்கு இதைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்காது. காது மெஷின் என்றால் தாத்தாக்கள் மாட்டிக்கொள்வது, அவ்வளவுதான்.

உறுதிசெய்வது பெரா பரிசோதனை. தூங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, செவி நரம்பும் மூளைத்தண்டும் அதற்குக் காட்டும் மின்னலைகளைப் பதிவு செய்கிறார்கள். 'இரண்டு காதிலும் 90 டெசிபல்' என்று ரிப்போர்ட் வந்தால் அது கடுமையான குறை. அதைக் கேட்ட பிறகு ஆடியாலஜிஸ்ட் சொல்லும் எதுவும் பெற்றோரின் மனதில் ஏறுவதில்லை. 'ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா, எப்போது பேசுவான்?' என்ற இரண்டு கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். விவரம் அறிந்த மையங்கள் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதில்லை. சில நாள் கழித்து அப்பாவையும் பாட்டியையும் சேர்த்து வரச்சொல்லி, மறுபடி முதலிலிருந்து விளக்குகிறார்கள்.

அதிக நாள் தள்ளவும் முடியாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது பல நாடுகள் ஏற்ற இலக்கு. ஆறு மாதத்துக்கு முன்பே குறை கண்டறியப்பட்ட குழந்தைகள் மொழியில் தெளிவாக முந்தியிருந்ததை 1998இல் வெளியான அமெரிக்காவின் கொலராடோ ஆய்வு காட்டியது. இங்கோ இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்ற பிறகே பல குழந்தைகள் மருத்துவமனைக்கு வருகின்றன. அதுவரை வீட்டிலேயே சோதனை நடந்திருக்கும். தட்டைக் கீழே போட்டால் திரும்புகிறான், அப்புறம் என்ன? 'அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்' என்று பாட்டி முடித்துவிடுவார். தட்டின் பெரும் ஓசையோ தரையின் அதிர்வோ எட்டுகிற குழந்தைக்கு, மெல்லப் பேசும் பேச்சில் வரும் 'ஸ்' எட்டாமல் போகலாம்.

அடுத்து எழுவது, குறை யார் பக்கத்திலிருந்து வந்தது என்ற விசாரணை. பெரும்பாலும் தாய்தான் கூண்டில் நிற்பார். ஆனால் பரம்பரைக் காது கேளாமையில் பெரும்பகுதிக்கு, குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியைத் தாயும் ஒரு பிரதியைத் தந்தையும் கொடுத்திருக்க வேண்டும். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் ஒரே மரபணு இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவருமே அந்த மரபணுவைச் சுமக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் குறை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கர்ப்பகால ருபெல்லா, குறைப்பிரசவம், கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. இதை மாமியாரின் முன்னிலையில் மருத்துவர் சொல்வது, தாய்க்குத் தனியே சொல்லும் ஆறுதலைவிடப் பயன்படும்.

அறுவை சிகிச்சையால் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்கப்போகும் குழந்தைக்கும் பொதுவாக முதலில் ஹியரிங் எய்டுதான். காதின் வடிவத்துக்கு வார்த்த இயர் மோல்டோடு அதைப் பொருத்துவார்கள். காது வளர வளர மோல்டு தளர்ந்து, மெஷின் கீச்சென்று கத்தும். பச்சிளம் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே புது மோல்டு தேவைப்படும். இதை முன்பே சொல்லாவிட்டால், மெஷின் கெட்டுவிட்டதென்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். காலையில் மாட்டியதும் ஒரு சின்னச் சோதனை: அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு 'ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்' என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டதும் குழந்தை ஒரு மணியை டப்பாவில் போடும். நேற்று 'ஷ்' கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லையென்றால் பேட்டரி, மோல்டு, காதுச் சளி மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி மையத்தில் வாரத்துக்கு ஓரிரு மணிநேரம் நடக்கிறது. மிச்ச நேரமெல்லாம் வீடுதான். டிவியை அணைத்துவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, 'தோசை சூடா இருக்கு, ஊதித் தரேன்' என்று ஒரே சூழலில் ஒரே சொற்களைத் தினமும் சொல்வதே பாடம். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவும், மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பியல் நிறுவனமும் தாயையும் வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். தாய் வேலையை விடுவதும், பயணமும் கணக்குமாக எல்லாம் அவர் தலையிலேயே விழுவதும் இதன் மறுபக்கம். தந்தைக்கும் இதே பயிற்சியைத் தராத மையம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

தமிழகத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. லட்சக்கணக்கில் ஆகும் செலவு அப்படித் தீர்ந்தாலும், உத்தரவாதக் காலம் முடிந்தபின் வயர், காயில், பேட்டரி என்று செலவு தொடரும். கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசாது. கேட்கப் பழகவே மாதங்கள் பிடிக்கும். கையெழுத்து வாங்கும் முன்பே இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

சைகை காட்டினால் பேச்சு வராது என்று இன்றும் சில இடங்களில் பெற்றோரை எச்சரிக்கிறார்கள். அதற்குத் தக்க ஆதாரமில்லை. கருவி வரும்வரை எந்த மொழியும் இல்லாமல் குழந்தையைக் காக்கவைப்பதுதான் உண்மையான ஆபத்து. இந்திய சைகை மொழிக்கென 2015இல் டெல்லியில் தனி ஆய்வு, பயிற்சி மையமே வந்துவிட்டது. காது கேளாத, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் ஒருவரைப் புதிய பெற்றோர் நேரில் சந்தித்தால், குழந்தையின் எதிர்காலம் பற்றிய பயம் வெகுவாகத் தணிகிறது.

தெரபி மையத்தின் வாசலில் காத்திருக்கும் மற்ற பெற்றோரிடமிருந்து கிடைப்பதும் சாதாரணமல்ல. குழந்தை மெஷினைப் பிடுங்கி எறியாதிருக்க நூல் கட்டிச் சட்டையில் கிளிப் போடுவது, ஈரம் போக ராத்திரி சிலிக்கா டப்பாவில் வைப்பது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்தக் கிழமை முகாம் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறுகின்றன.