பழைய துருவும் மெஷினுக்குச் சாமான் தேடுவது எப்படி?

ஒரு பிளேன்டி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் சாப்பாட்டுக் கடைகளிலும், நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பள்ளிவாசல்களிலும் கரண்டில் ஓடும் தேங்காய் துருவும் மெஷினைக் காணலாம். பழசானதும் ஒரு நாள் சத்தம் மாறும், பிறகு நின்றுவிடும். கடைக்குப் போய் "இந்த மெஷினுக்குச் சாமான் இருக்கா காக்கா?" என்று கேட்டால், "அந்த மொடல் இப்ப வாறல்ல" என்பார்கள். அத்தோடு மெஷின் பழைய இரும்புக்குப் போய்விடும்.

மெஷினின் பேரைச் சொல்லிக் கேட்பதுதான் இதில் பிழை. உள்ளே இருக்கிற முக்கால்வாசிச் சாமான் எந்தக் கம்பனிக்கும் சொந்தமானதல்ல. பெயாரிங், பெல்ட், கப்பாசிட்டர் மூன்றும் உலகம் முழுக்க ஒரே அளவு முறையில் வருகிறவை. கழற்றித் துடைத்து, மேலே உள்ள இலக்கத்தை வாசித்தால் போதும்.

பெயாரிங்கின் ஓரத்தில் 6204 என்று இருக்கிறது என்று வையுங்கள். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் ஓட்டையின் அளவு வரும்: 20 மில்லிமீற்றர். 04க்குக் கீழே மட்டும் கணக்கு வேறு: 6202 என்றால் 15, 6203 என்றால் 17. இலக்கம் தேய்ந்துபோயிருந்தால் உள் ஓட்டை, வெளி விட்டம், தடிப்பு மூன்றையும் வேர்னியரால் அளந்து சொல்லுங்கள். 15, 35, 11 என்றால் அது 6202தான். மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலும் அது கிடைக்கும். ஒரு கவனம்: இலக்கத்துக்குப் பின்னால் ZZ என்றிருந்தால் தகர மூடி, 2RS என்றிருந்தால் றப்பர் மூடி. தேங்காய்ப்பூவும் பாலும் தெறிக்கிற முன்பக்கத்துக்கு றப்பர் மூடி உள்ளதையே வாங்குங்கள். கடற்காற்று அடிக்கிற நம்முடைய ஊர்களுக்கும் அதுவே தோது.

பெல்டில் A 32 என்று இருந்தால், A என்பது சுமார் 13 மில்லிமீற்றர் அகலத்தையும், 32 என்பது அங்குலக் கணக்கில் நீளத்தையும் குறிக்கும். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், முதலில் கப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். மைக்ரோஃபரட் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும்; வோல்ட் அளவு குறையக் கூடாது. சுற்றுகிறதா என்று பார்க்கத் துருவும் தலையைக் கையால் தள்ளிவிடாதீர்கள். அது திடீரென்று பிடித்தால் விரல் போய்விடும்.

மெஷினுக்கே உரியவை இரண்டுதான்: ஷாஃப்ட், அதன் நுனியில் பூட்டுகிற பல் வைத்த தலை. இவை கடையில் கிடைக்காவிட்டால் லேத்தில் செய்விக்க வேண்டியதுதான். தேய்ந்தது, உடைந்தது என்று பழையதை வீசாமல், துண்டுகளை அப்படியே லேத்காரரிடம் கொண்டுபோங்கள். அளவெடுக்க அவருக்கு வேறு வழி இல்லை. ஷாஃப்டில் உள்ள புரி அங்குலமா, மில்லிமீற்றரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை அங்குல நட் 12 மில்லிமீற்றர் ஷாஃப்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்ளும். பலவந்தப்படுத்தினால் இரண்டும் பழுது.

புரியின் திசை இன்னும் முக்கியம். தேங்காய் தலையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்போது புரி இறுக வேண்டும், கழலக் கூடாது. முன்னால் நின்று பார்க்கையில் தலை இடப்பக்கமாகச் சுற்றினால் சாதாரண வலப்புரி சரி. வலப்பக்கமாகச் சுற்றினால் இடப்புரி வெட்ட வேண்டும். மாறிப்போனால் ஓடுகிற மெஷினிலிருந்து தலை கழன்று பறக்கும்.

தலைக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. சாதாரண இரும்பு உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துப் பூவில் கலக்கும். ஈயம் கலந்த பற்றாசு சாப்பாட்டில் படுகிற இடத்துக்கு வரவே கூடாது. எல்லாம் பூட்டி முடிந்ததும் எர்த் வயரைப் பாருங்கள். ஈரக் கையும் இரும்பு உடம்பும் 230 வோல்ட்டும் சேருகிற இடம் இந்த மெஷின்.

2022இல் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதி முடங்கியதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு காலத்தில் பழையதைத் திருத்தத் தெரிந்த லேத்காரரும் மோட்டர் கொயில் கட்டுகிறவரும்தான் ஊருக்குப் பலம். அவர்களுக்கு வேலை கொடுங்கள். பேரம் பேசிக் கூலியைக் குறைக்காதீர்கள். பெயாரிங், பெல்ட், கப்பாசிட்டர் இலக்கங்களை மெஷினின் உடம்பிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கு ஒரு வார்த்தை: நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மெஷினைக் கழற்றிப் பாருங்கள். தலைப்பிறை கண்ட இரவில் லேத் கடை திறந்திருக்காது.