சல்லடைக்குள் ஒரு கடல் – 9: உறையவைத்துப் பார்த்த கணக்கு

சிறுநீரகத்தின் சல்லடைகளான நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாக ஓய, மிஞ்சியவை அவற்றின் சுமையையும் சேர்த்து இழுப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தண்ணீரும் பொட்டாசியமும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் ஷாண்டோர் கொரானி நான்கு நாளாக என்னை விடவில்லை.

1890களில் அவர் செய்தது இதுதான்: நோயாளியின் சிறுநீரைக் குளிரவைத்து, எத்தனை டிகிரியில் உறைகிறது என்று வெப்பமானியில் பார்த்தார். நீரில் கரைந்திருக்கும் சரக்கு கூடக் கூட உறைநிலை இறங்கும். நம் ரத்தத்துக்கு அது மைனஸ் 0.56 டிகிரி செல்சியஸ். நல்ல சிறுநீரகம் இருந்தால், தாகத்தோடு இருக்கும்போது சிறுநீர் கெட்டியாகி மைனஸ் 2 டிகிரிக்கும் கீழே போகும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்துவிடும். தேய்ந்த சிறுநீரகத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் இல்லை. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதன் சிறுநீர் ரத்தத்தின் அளவை ஒட்டியே உறைகிறது. ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு ஓர் உறுப்பின் இயலாமையை அளந்த மனிதரை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

நாளொன்றுக்கு உடல் சுமார் 600 மில்லிஆஸ்மோல் கரைபொருளை வெளியேற்ற வேண்டும். நல்ல சிறுநீரகம் ஒரு லிட்டரில் 1,200 வரை அடைக்கும். அரை லிட்டரில் வேலை முடிந்தது. தேய்ந்த சிறுநீரகத்தால் 300 சொச்சத்துக்கு மேல் முடியாது. அதே சரக்குக்கு 2 லிட்டர் வேண்டும். பகலில் தீராத மிச்சம்தான் ராத்திரியில் எழுப்புகிறது.

என் பெரியப்பா ராத்திரி மூன்று தடவை எழுந்து கொல்லைக்குப் போவார். "நீர் தாராளமாப் போகுதே, கிட்னிக்கு என்ன கொறை?" என்பார். நாங்களும் நம்பினோம். சர்க்கரை நோயும் புராஸ்டேட் வீக்கமும்கூட இப்படி எழுப்பும். அதனால்தான் சொல்கிறேன்: இரவில் அடிக்கடி எழுபவர்கள் ஒரு முறை ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

வடிகட்டல் இன்னும் சரிந்தால் கதை தலைகீழ். குடித்த நீர் வெளியேறாமல் தேங்கும். கால் வீங்கும், மூச்சிரைக்கும். டம்ளர் கணக்கில் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வது அப்போதுதான்.

பொட்டாசியத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. வெளியே இருப்பது மொத்தமே சுமார் 60 மில்லிமோல். ஓர் இளநீரில் 15 மில்லிமோலோ அதற்கு மேலோ இருக்கலாம். மிஞ்சிய நெஃப்ரான்கள் கூடுதலாகச் சுரந்து வெளியேற்றுகின்றன, பெருங்குடலும் கைகொடுக்கிறது. அதனால் நெடுநாள் ஒன்றும் தெரியாது. அந்த இரண்டும் கைவிட்ட பிறகு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீர் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் உருளைக்கிழங்கைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை ஏன் கொட்டுகிறார்கள்? அடுத்த வாரம் அந்த அடுப்படியிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)