பொருத கடாவின் புண்

ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கின்றது. போரிடும் தகர் பின்வாங்கும் காட்சியைத் திருவள்ளுவர் காலமறிதல் அதிகாரத்திலே உவமையாக எடுத்தாண்டார். உவமை அம்மட்டில் நின்றுவிடுகின்றது. போர் ஓய்ந்த பின்னர் அக்கடாவின் தலை என்னவாயிற்று என்பது ஆடு வளர்ப்போரின் கவலையாகும்.

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையோரத்திலும் இக்கவலைக்கு இடமுண்டு. பனங்கூடல்களின் இடையேயும் உடைமர நிழல்களிலும் மேயும் வெள்ளாடு, முள்ளையும் சருகையும் உண்டு பாலும் இறைச்சியும் தருவது. கடல் கொந்தளித்து வலை நனையாத நாளிலே குடும்பத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பும் அதுவே. ஒரு நல்ல கடாவை இழப்பது ஏழை வீட்டுக்குச் சிறு நட்டமன்று.

செம்மறிக் கடா பின்வாங்கி ஓடிவந்து மோதும். வெள்ளாட்டுக் கடாவோ பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, உடற்பாரம் முழுவதையும் தலையிலே கொணர்ந்து சரிந்து தாக்கும். மறியாடு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவங் கொள்ளும். நம் வெப்ப நாட்டிலே இதற்குக் குறித்த காலமென்று ஒன்றில்லை. ஆகவே கடாக்களின் போருக்கும் காலமில்லை. புதுக்கடா ஒன்று பட்டியிற் புகுந்த நாளிலே போர் இன்னும் கடுமையாகும்.

ஆட்டின் தலை கல்லுக்கு ஒப்பானது, அடி அதற்குப் பொருட்டன்று என்பார் உளர். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஆட்டினத்துக்கு உறவான கத்தூரி எருது என்னும் வடதுருவ விலங்கின் மூளையிலே நாட்பட்ட அடியின் தடயங்களைக் கண்டது. போருக்குப் பின் கடா வட்டமிட்டு நடந்தாலும், தலையை ஒருபுறம் சாய்த்தாலும், மூக்கில் இரத்தம் வடிந்தாலும், தீனைத் தொடாது நின்றாலும் மிருக வைத்தியரை உடனே நாட வேண்டும்.

கொம்பின் வெளிப்புறம் நகம் போன்ற ஓடு. உள்ளே இருப்பது இரத்தம் ஓடும் உயிருள்ள எலும்பு. ஓடு மட்டும் கழன்றால் இரத்தம் பெருகினும் பெரும்பாலும் ஆறிவிடும். அடிக்கொம்பு முறிவதே அபாயம். வளர்ந்த ஆட்டிலே கொம்பெலும்பின் உட்குழி நெற்றியெலும்பின் காற்றறையோடு தொடர்புடையது. ஆதலால் அம்முறிவு தலைக்குள்ளே திறந்த வாசலாகிவிடும்.

செய்யவேண்டியவை எளியவை. முதலில் கடாக்களைப் பிரித்து, காயம்பட்டதை நிழலிலே அமைதியாக நிறுத்துக. சுத்தமான சீலையை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தால் குருதி நிற்கும். இடையிடையே எடுத்துப் பார்த்தலாகாது. தோற்காயமாயின் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிலே 9 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவி, நீர்த்த பொவிடோன் அயடீன் இடலாம். நெற்றியறை திறந்திருப்பின் அதனுள்ளே நீரோ மருந்தோ ஊற்றலாகாது. உலர்ந்த துணியால் மூடிக் கட்டி வைத்தியரிடம் கொண்டுசெல்க. தொங்கும் கொம்பை இழுத்துப் பிடுங்குவது கொடுமை. மரத்துப்போகும் மருந்திட்டு அகற்றுவது வைத்தியர் பணி.

குருதி நின்றதும் பலர் ஆறுதல் கொள்வர். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத பகை அதன் பின்னரே வருகின்றது. புண்ணிலே இலையான் இட்ட முட்டை ஒருநாளுக்குள்ளேயே புழுவாகலாம். ஆகவே காலையும் மாலையும் புண்ணைப் பார்க்க வேண்டும். வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றிப் பூசுவது இலையானை விலக்க உதவும்.

இன்னொரு பகை ஏற்புவலி. இதனை விளைக்கும் கிருமியை 1889இல் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டிலே அவரும் பேரிங்கும் அதன் நஞ்சுக்கு எதிரான மாற்றைக் கண்டனர். அக்கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. புண்ணிலே சாணமும் சாம்பலும் அப்பும் பழக்கம் எத்துணைத் தீங்கானது என்பதை இதனால் உணரலாம். சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை கழிந்த பின், கால்கள் விறைத்து, காதுகள் நிமிர்ந்து, வாய் பூட்டிக்கொள்ளும். அந்நிலையிலே காப்பது அரிது. காயம்பட்ட அன்றே தடுப்பு மருந்து பற்றி வைத்தியரைக் கேட்பதுதான் அறிவுடைமை.

மருந்தேற்றிய ஆட்டை உடனே இறைச்சிக்கு விற்பது உண்போருக்குச் செய்யும் தீங்கு. வைத்தியர் குறிக்கும் நாட்கள் கழியும்வரை பொறுத்தல் வேண்டும்.

ஆறிய கடாவைத் திடீரெனப் பட்டியில் விட்டால் மீண்டும் போர் மூளும். சில நாட்கள் வேலிக்கு இருபுறமும் நிறுத்தி, ஒன்றையொன்று பார்த்தும் மோந்தும் பழகவிட வேண்டும். தீன்தொட்டிகள் தனித்தனியே இருத்தல் நன்று. இனப்பெருக்கத்துக்கு வேண்டாத கடாக்களை இளமையிலேயே நலந்தட்டிவிட்டால் பூசல் பெரிதும் குறையும்.

பொருவது கடாவின் இயல்பு, அதன்மேற் குற்றமில்லை. இடம் நெருக்கிக் கட்டியவரும், புண்ணைப் பாராது விட்டவரும் மனிதரே. குருதி நின்ற இடத்திலே நம் கடமை நின்றுவிடலாகாது. அங்கேதான் அது தொடங்குகின்றது.