பனிமலைச் சாலையில் மூன்று மணி நேரம்

பனி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று முன்னோர் மொழிந்ததும் அந்தக் குளிரைப் பற்றித்தான். வீட்டு வாசலை மூடி, மரக்கிளையை முறித்து, சாலையை இருந்த இடம் தெரியாமல் மறைத்துவிடும் வெண்பனிக்கும் நாம் அதே சொல்லையே வழங்குகிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் கண்ணாரக் கண்டது 1998 டிசம்பர் இறுதியில், ஆல்ப்ஸ் மலைச் சாலை ஒன்றில்.

அப்போது நாம் உரோமையில் மேற்படிப்பில் இருந்தோம். உடன் பயின்ற குருவானவர் ஒருவர் இத்தாலியின் வடமேற்கு மூலையிலுள்ள ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் பிறந்தவர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார். விழா முடிந்தபின், மலைக்கு அப்பால் சுவிட்சர்லாந்தின் மார்ட்டிஞி நகரில் வாழ்ந்த அவருடைய தமக்கையாரைக் காண, அவரது சிறிய காரில் இருவரும் புறப்பட்டோம்.

இடையே நிற்பது பெரிய புனித பெர்னார்து கணவாய். உயரம் 2,469 மீட்டர். நமது தொட்டபெட்டாவை விடச் சற்றுத் தாழ்வுதான். ஆயினும் அக்டோபர் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பெரும்பாலும் கணவாய்ச் சாலை மூடியே கிடக்கும். 1964-இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகவே குளிர்காலத்தில் வண்டிகள் மலையைக் கடக்கின்றன. அச்சுரங்கத்தின் வாயிலே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது.

நண்பர் காரின் பின்புறத்தில் இரண்டு கம்பளி, ஒரு மண்வெட்டி, மெழுகுவர்த்தி, சுடுநீர்க் குடுவை, சாக்லேட் ஆகியவற்றை எடுத்து வைத்தபோது நாம் உள்ளூரச் சிரித்துக்கொண்டோம். இச்சிறு பயணத்திற்கு நாற்பது நாள் சீதனமா!

எத்ரூபிள் என்ற சிற்றூரைக் கடந்ததும் பனி அடர்ந்து விழலாயிற்று. நண்பர் இறங்கிச் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்டினார். சிறிது தொலைவில் ஒரு லாரி சறுக்கிச் சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. வண்டிகள் வரிசையாய் நின்றன. மேலும் வெண்மை, கீழும் வெண்மை. காரின் முன்விளக்குக்கு அப்பால் உலகம் இருந்ததாகவே தெரியவில்லை.

பின்னால் நின்ற காரிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கி, ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினார். காலில் சாதாரணத் தோல் செருப்பு. நண்பர் பாய்ந்து சென்று அவர் கையைப் பற்றினார். “ஊர் இதோ இருக்கிறது” என்று பெரியவர் சினந்தார். நண்பரோ விடவில்லை; ஏறக்குறைய இழுத்து வந்தே நம் காரில் அமர்த்தினார். காற்று சுழற்றியடிக்கும் பனியில் பத்து அடி வைத்தால் திசை தப்பும். ஈரம் உடல் வெப்பத்தை உறிஞ்சும். பிறகு களைப்பு, தடுமாற்றம், உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழுபவர் அரியர். வண்டியை விட்டு நீங்காதே என்பது மலைநாட்டாரின் முதல் விதி.

இரண்டாவது விதியை வெப்பநாட்டவராகிய நாம் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. குளிர் தாங்காமல் எஞ்சினை இயக்கிக்கொண்டே இருப்பவர் பலர். பனி குவிந்து பின்புறப் புகைக்குழாயை அடைத்துவிட்டால் நச்சுப்புகை காருக்குள் புகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். குளிருக்குத் தப்பியவர் இருக்கையிலேயே மடிவார். ஆதலின் நண்பர் ஒவ்வொரு முறையும் மண்வெட்டியுடன் இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிய பிறகே, பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை இயக்கினார். அப்போதும் சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தார். நாம் சிரித்த மண்வெட்டி அதுவே. நடுவில் அமர்ந்த பெரியவர் சினம் தணிந்து, நம் ஊரில் எவ்வளவு பனி பெய்யும் என்று வினவினார். “செருப்பு நனையும் அளவு” என்றோம்.

மூன்று மணி நேரம் கழித்துப் பனி ஒதுக்கும் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றியவாறு வந்து சேர்ந்தது. லாரி நகர்த்தப்பட்டது. பெரியவர் தம் காருக்குத் திரும்புமுன் நண்பரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்; ஒன்றும் பேசவில்லை.

சுரங்கத்தினுள் சென்றபோது, “நம் தலைக்கு மேலே மடம் இருக்கிறது” என்றார் நண்பர். கணவாயில் வழிப்போக்கர் கள்வராலும் பனியாலும் மாண்டதைக் கண்டு, ஏறத்தாழ 1050-இல் புனித பெர்னார்து நிறுவிய சத்திரம் அது. அகுஸ்தீன் சபை ஒழுங்கைக் கைக்கொள்ளும் துறவியர் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி, வருவோரை வரவேற்கின்றனர். வழிதப்பியோரைத் தேடிச் சென்ற அவர்களுடைய நாய்கள் உலகப் புகழ் பெற்றவை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகக் கூறுவர். பதனிடப்பட்ட அதன் உருவம் பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் மதுப்பீப்பாய் தொங்குவது மட்டும் ஓவியரின் கற்பனை. 1923-இல் பதினோராம் பத்திநாதர் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நாம் உரோமை திரும்பிய பின் அதே குளிர்காலம் இன்னும் கடுமையாயிற்று. 1999 பிப்ரவரி 9-இல் பிரான்சின் சாமோனி அருகே மோன்ரோக்கில் பனிச்சரிவு 12 பேரை வாரிக்கொண்டது. 23-ஆம் நாள் ஆஸ்திரியாவின் கால்ட்டூர் சிற்றூரில் 31 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சாலையில் அல்ல, வீடுகளுக்குள்ளேயே இருந்தவர்கள்.

குளிர்காலத்தில் அந்த மடத்திற்குச் செல்ல இன்றும் கார்ப்பாதை இல்லை. சுவிட்சர்லாந்துப் பக்கச் சுரங்கவாயில் அருகே வண்டியை நிறுத்தி, பனிச்சறுக்குக் கட்டைகளையோ அகன்ற பனிமிதிகளையோ காலில் பூட்டிக்கொண்டு ஏறிச் செல்ல வேண்டும்; அதற்கு முன் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பார்க்க வேண்டும்.