கசிவு வேறு, விரிசல் வேறு

வீட்டு மீன் தொட்டி என்பது ஐந்து கண்ணாடித் தகடுகளைச் சட்டம் ஏதுமின்றிச் சிலிக்கான் பசையால் ஒட்டி நிறுத்திய பெட்டி. 1960களில் இந்தப் பசை புழக்கத்துக்கு வரும்வரை இரும்புச் சட்டமும் பட்டிப் பூச்சும் செய்துவந்த வேலையை இன்று பசை ஒன்றே செய்கிறது. ஆகவே பழுதான பழைய தொட்டியை வாங்க நினைப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, கெட்டிருப்பது பசையா கண்ணாடியா என்பதைத்தான். பசையின் நோய்க்கு மருந்து உண்டு. கண்ணாடியின் நோய்க்குப் பெரும்பாலும் இல்லை.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் சில மாதங்களுக்கென வாடகைக்கு வந்து தங்குவோர் மிகுதி. வீடு காலி செய்யும்போது கட்டிலும் பீரோவும் வண்டி ஏறினாலும் மீன் தொட்டி எளிதில் ஏறுவதில்லை, ஏறினாலும் முழுதாக இறங்குவதில்லை. வண்ண மீன் விற்பனைக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து புதுத் தொட்டி கொண்டுவருவதென்றால் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் கண்ணாடியைக் குலுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதால், உள்ளூரில் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும் பழைய தொட்டியின் மேல் கண் போவது இயற்கைதான்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை சுமார் 54 லிட்டர் பிடிக்கும். அதாவது கல்லும் மணலும் சேராமலேயே ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கூடுதலான எடை. அந்த நீர் முகப்புக் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 27 கிலோ எடைக்குச் சமம். அழுத்தம் ஆழத்தோடு கூடுவதால், நீளம் மாறாமல் உயரம் மட்டும் இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகி 108 கிலோவைத் தொட்டுவிடும். உயரமான பழைய தொட்டிகளில் கைவைக்கத் தயங்க வேண்டியது இதனால்தான்.

கண்ணாடியின் குறைகளைச் சுட்டத் தமிழில் மூன்று சொற்கள் தனித்தனியே இருப்பது இங்கே பயன்படுகிறது. மேற்பரப்பில் மட்டும் விழுந்த கோடு கீறல். நகத்தில் தட்டாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால் அது அழகைத்தான் கெடுக்கும். விளிம்பில் சில்லு பெயர்ந்த இடம் மூளி. மேல்விளிம்பில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பசை பிடிக்கும் மூட்டுக்குள் நுழைந்திருந்தால் ஐயம்தான். தகட்டின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம்வரை ஊடுருவியது விரிசல். இருட்டில் டார்ச் விளக்கை விளிம்போடு சாய்த்துப் பிடித்தால் அது வெள்ளிக் கம்பிபோல் மின்னித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விரிசலைப் பசை பூசி அடைத்துவிடலாம் என்ற எண்ணம் ஏன் பிழை என்பதற்கான அடிப்படையை 1920களின் தொடக்கத்தில் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விளக்கினார். தகட்டின் மேல் விழும் விசை எங்கும் சமமாகப் பரவாமல் விரிசலின் கூர்முனையில் குவிகிறது; போதாக்குறைக்கு, அம்முனையிலுள்ள வேதிப் பிணைப்புகளை நீரும் தளர்த்துவதால், இன்று அசையாத விரிசல் சில வாரம் கழித்து யாரும் தொடாமலேயே நீளக்கூடும். பக்கத் தகடு விரிந்திருந்தால் அதை மட்டும் பெயர்த்து அதே கனத்தில் வேறொன்று வெட்டி ஒட்டலாம். அடித்தகடு விரிந்திருந்தாலோ, மற்ற நான்கும் அதைப் பற்றியே நிற்பதால், தொட்டியையே புதிதாகக் கட்ட வேண்டிவரும். உடைந்த கண்ணாடி வீட்டில் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வது வேறு கணக்கில்; ஆனால் இந்த ஓரிடத்தில் இயற்பியலும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க ஆழ்துளைக் கிணற்று நீர் ஓர் உதவி செய்கிறது. உப்புச் செறிந்த நீர் நாள்பட மெல்லக் கசிந்திருந்தால் மூட்டின் வெளிப்புறத்தில் வெண்பொருக்கு படிந்திருக்கும். விற்பவர் தொட்டியின் உள்ளே எவ்வளவு துடைத்திருந்தாலும் அடிவிளிம்பில் அது ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். உள்மூலையில் ஓடும் பசைக்கோடு நீரைத் தடுப்பதற்கு. இரு தகடுகளுக்கிடையே உள்ள மெல்லிய பசைப் படலமே தொட்டியைத் தாங்குவது. படலத்தில் காற்றுப் புகுந்த வெள்ளித் திட்டுகள் தெரியாதவரை, உள்கோட்டை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால், கசியும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு வைப்பது வீண்வேலை. உள்கோடு முழுவதையும் பிளேடால் சுரண்டி, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, ஒரே மூச்சில் புதிதாக இழுக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கான் மீன்களுக்கு ஆகாது. பூசியதும் எழும் வினிகர் நெடி, காற்றின் ஈரத்தால் பசை இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலத்தின் நெடியே. மேற்புறம் விரைவில் காய்ந்தாலும், உள்ளே இறுக ஒரு வாரம் விடுவது நல்லது. மூட்டு விஷயத்தில் அவசரம் கூடாது என்று நினைவூட்ட ஒரு நிகழ்வு: 2022 டிசம்பர் 16 அன்று பெர்லினில் பத்து லட்சம் லிட்டர் கொண்ட ‘அக்வாடோம்’ தொட்டி, புதுப்பித்துச் சில மாதங்களிலேயே வெடித்தது. அது அக்ரிலிக்கால் ஆனது என்றாலும், பின்னர் நடந்த ஆய்வில் ஒட்டுமூட்டின் தளர்ச்சியும் ஒரு சாத்தியமாகச் சொல்லப்பட்டது, உறுதியான காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

செலவு ஒரு சிலிக்கான் குழாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் என்றால் செப்பனிடலாம். தகடு மாற்றும் செலவு புதுத் தொட்டி விலையில் பாதியைத் தாண்டினால், பழைய தொட்டியைப் புரட்டாசியில் கொலுப் பொம்மைகளுக்குக் கண்ணாடிக் கூடாக வைத்துக்கொள்வதே மேல். இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் தொட்டி என்றால், சிறு கசிவும் ஆபத்து என்பதால், இந்தக் கணக்கே வேண்டாம்.

செப்பனிட்ட தொட்டியைச் சமதளத்தில் தெர்மாகோல் பலகை மேல் செய்தித்தாள் விரித்து வைத்து, முதலில் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் மூன்றில் இரண்டு, அடுத்த நாள் முழுதும் என நிரப்பி, நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து, மேலும் இரண்டு நாள் மீனின்றி விட வேண்டும். சித்திரை வெயிலில் மட்டம் தானாகவே இறங்கும் என்பதால் குறித்த கோட்டை மட்டும் நம்ப முடியாது. மட்டம் இறங்கியும் தாள் காய்ந்தே இருந்தால் அது ஆவியான நீர், தாளின் ஓரத்தில் விரலளவு ஈரம் தெரிந்தாலும் மறுபடி பிளேடுதான்.