முன்னால் சின்ன இறக்கை, பின்னால் இன்ஜின்

ஃபாரஸ்ட் கேட் பிள்ளைகள் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் நின்று சிட்டி ஏர்போர்ட் விமானங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாமளே ஒண்ணு கட்டலாமா?" என்று கேட்டால் சிரிக்காதீங்க. கட்டலாம்.

அமெரிக்கர் பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி 1979-ல் பறந்தது. ஃபோம், ஃபைபர்கிளாஸ், எபாக்ஸி. பட்டறை வேண்டாம், கராஜ் போதும். பெங்களூர் என்.ஏ.எல். விஞ்ஞானிகளே 1987-ல் இந்த வடிவத்தில் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டார்கள்.

ஆசைக்குக் காரணம் இருக்கு. வேகம் குறைந்தால் மூக்கில் இருக்கும் சின்ன இறக்கைதான் முதலில் தளரும். மூக்கு தானாகத் தாழ, வேகம் திரும்பிவிடும். குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரமும் போகும்.

ஆனா ஓடுதளம் நீளமா வேணும். புல்தரை ஒத்துவராது, சக்கரம் கிளப்பும் கல் பின்னால் சுற்றும் புரொப்பெல்லரில் அடிக்கும். ஒருவர் பின் ஒருவராக இரண்டே சீட். இரண்டு பிள்ளைகள் இருந்தா யாரை விட்டுட்டுப் போறது? நாலு சீட்டுக்கு வெலாசிட்டி கிட் உண்டு. வேலையும் செலவும் அதுக்கேற்ப.

பெரிய சிக்கல், இன்னொருவர் கட்டியதை வாங்குவது. பாடகர் ஜான் டென்வர் அப்படி வாங்கிய லாங்-ஈஸியில்தான் 1997 அக்டோபரில் இறந்தார். கட்டியவர் பெட்ரோல் வால்வை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்பப் போனபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றது விசாரணை.

இங்கே லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இன்ஸ்பெக்டர் கட்டும்போதே வந்து பார்ப்பார். பறக்கும் பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அதோட விட்டுடாதீங்க. வாங்கும் முன் பெல்ட் போட்டு உட்கார்ந்து, எல்லா வால்வும் கைக்கு எட்டுதான்னு நீங்களே பாருங்க.